பின்னறையின் எடை

லாரியிலிருந்து ஜாக்கி இறங்கியபோது காலை மணி எட்டு. கடற்கரைச் சாலை ஓரத்துப் புல்தரையில் நீர்மூழ்கிக் கப்பல் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். மூக்கு கொஞ்சம் தூக்கியும் வால் கொஞ்சம் தாழ்ந்தும் நின்ற தோரணையைப் பார்த்தால், பெரிய மனிதர் ஒருவர் சாய்வு நாற்காலியில் சரிந்துகொண்டு, யாராவது வந்து வணக்கம் வைக்க மாட்டார்களா என்று காத்திருப்பதுபோல் இருந்தது.

ஜாக்கி என்பது தொழில் வைத்த பெயர். அமுங்கிய வீடு, கவிழ்ந்த ரயில் பெட்டி, சாய்ந்த பாலத் தூண், எதுவானாலும் அடியில் ஜாக்கியை வைத்துத் தூக்கி நிறுத்துவார். ஐம்பத்தெட்டு வயதில் அவருக்கு எதைக் கண்டாலும் எடை போடும் புத்தி வந்துவிட்டிருந்தது. மனிதர்களையும்தான்.

அருங்காட்சியகப் பொறுப்பாளர் ஓடிவந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் இரண்டு போன், முகத்தில் மூன்று நாள் தூக்கம் பாக்கி.

"வெள்ளிக்கிழமை திறப்பு விழா. இன்னைக்கு புதன். தினம் சாயங்காலம் மட்டம் பார்த்து வெச்சுட்டுப் போறோம். காலையில வந்து பார்த்தா வால் ரெண்டு அங்குலம் இறங்கியிருக்கு."

"தரை அமுங்குதா?"

"அஞ்சடி கான்கிரீட்டுங்க. இன்ஜினியர் வந்து பார்த்தார். தரைமேல தப்பில்ல, கப்பல்தான் கனக்குதுன்னு சொல்லிட்டு டீ குடிச்சிட்டுப் போயிட்டார்."

"கப்பல் எப்படிங்க கனக்கும்? ராத்திரி எழுந்து சாப்பிடுதா?"

பொறுப்பாளர் சிரிக்கவில்லை.

கப்பலுக்கு முன்னால் ஆளுயரப் பித்தளைப் பலகை ஒன்று. போர் வரலாறு முழுவதும் அதில் பளபளத்தது. 'எதிரியின் கரையைக் கதிகலங்கச் செய்த கடற்சிங்கம். பதினேழு நாள் போர்ப் பயணம். சென்றவர் நாற்பத்தொருவர். திரும்பியவர் நாற்பத்தொருவர். ஒருவரையும் இழக்காத கப்பல்.'

கதிகலங்கச் செய்தது இரண்டு டார்பிடோக்கள். ஒன்று மணல்திட்டில் குத்தி நின்றது. இன்னொன்று ஒரு பாறையைத் தாக்கியது. பாறை இன்றைக்கும் அங்கேயேதான் இருக்கிறதாம். இது கப்பல் பட்டறையில் டீக்கடை வரைக்கும் தெரிந்த ரகசியம்.

ஜாக்கிக்கு வேறொன்றும் தெரியும். அவருடைய அண்ணன் அந்தப் பட்டறையில் வெல்டர். நாற்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், போர் மூண்ட அன்று காலை, இந்தக் கப்பலில் ஒழுகுகிற குழாய் ஒன்றை ஒட்டவைக்கப் போனார். வீடு திரும்பவில்லை. இருபதாம் நாள் பட்டறையிலிருந்து ஒரு கடிதம் வந்தது: 'அனுமதியின்றிப் பணியிலிருந்து தலைமறைவானார்.' இன்னும் ஐந்து வீடுகளுக்கும் அதே கடிதம், அதே வாசகம். ஆறு பேரும் போருக்குப் பயந்து ஓடிவிட்டார்களாம்.

அண்ணிக்கு அப்போது இருபத்துநான்கு வயது, கல்யாணமாகி எட்டு மாதம். அன்றிலிருந்து அவள் 'ஓடிப்போனவன் பெண்டாட்டி'. குழாயடியில், கடையில், பஸ்ஸில், அவள் காதில் விழும்படியே சொன்னார்கள். தேசத்துரோகி என்று சுவரில் எழுதினார்கள். அவள் வாளியும் துணியும் கொண்டுபோய்த் துடைத்தாள். மறுநாளும் எழுதினார்கள். மறுநாளும் துடைத்தாள்.

"போருக்குப் பயந்தாராம்," என்பாள். "ராத்திரி பல்லி விழுந்தாக்கூட அவர்தான் எழுந்து விரட்டுவாரு, நான் போர்வைக்குள்ள இருப்பேன்."

ஜாக்கி அந்தப் பலகையை இரண்டு தரம் படித்தார். கடைவாய்ப் பல் நறநறத்தது.

வால் பக்கத்தில் நான்கு ஜாக்கிகளைப் பொருத்தி, எடைகாட்டும் மானியைப் பார்த்தார். அவர் போட்ட கணக்குப்படி வால் நுனி அறுபது டன்னுக்குமேல் இருக்கக் கூடாது. முள் தொண்ணூறில் நின்றது.

கூடுதலாக முப்பது டன்.

இரும்பின்மேல் உள்ளங்கையை வைத்தார். நல்ல வெயிலில் மற்ற இடமெல்லாம் தோசைக்கல்லாகச் சுட்டது. வாலருகே மட்டும் ஐஸ். தகடு வியர்த்து, கை ஈரமானது. நாக்கில் தொட்டுப் பார்த்தார்.

உப்பு.

"உள்ள தண்ணி நிக்குது," என்றார்.

"பின்னறைதானே? ஒரு சொட்டு கிடையாதுங்க. நீங்களே போய்ப் பாருங்க."

டார்ச்சை எடுத்துக்கொண்டு ஜாக்கி உள்ளே இறங்கினார். புதுப் பெயின்ட் வாசனை மூக்கில் ஏறியது. அதற்கடியில் பழைய டீசல். அதற்கும் அடியில் ஈரத்துணியை வாரக்கணக்கில் மூட்டை கட்டி வைத்த நாற்றம். கட்டுப்பாட்டு அறை, எஞ்சின் அறை, கடைசியில் சக்கரம் வைத்த கனத்த இரும்புக் கதவு. சக்கரத்தைச் சுற்றித் திறந்தார்.

பின்னறை காய்ந்து கிடந்தது. தரையில் விரல் கனத்துக்குத் தூசி.

உள்ளே கால் வைத்ததும் காது அடைத்துக்கொண்டது. ஆழக் கிணற்றில் முங்கினால் அடைக்குமே, அப்படி. டார்ச் வெளிச்சம் நேராகப் போகாமல் சுவரில் நெளிந்தது. "யாரு?" என்று கேட்டார், எதற்குக் கேட்டோம் என்று தெரியாமலே. குரல் வாயைவிட்டு ஒரு சாண்கூடப் போகவில்லை.

மறு கையிலிருந்த ஸ்பானர் நழுவியது.

அது உடனே விழவில்லை.

மெல்ல இறங்கியது. இடப்பக்கம் சாய்ந்து, வலப்பக்கம் சாய்ந்து, அவசரமே இல்லாமல் இடுப்பைத் தாண்டியது, முழங்காலைத் தாண்டியது. தரையைத் தொட்டபோது சத்தம் இல்லை. தூசி மட்டும் சேறுபோல் சுருண்டு எழுந்தது.

ஜாக்கி ஸ்பானரை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தார். கதவைச் சாத்திய பிறகுதான் மூச்சு விட்டார். சட்டை காய்ந்திருந்தது. வாயெல்லாம் உப்புக் கரித்தது.

பொறுப்பாளரிடம் எதையும் விவரிக்கவில்லை. முப்பது டன் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தாக வேண்டும். "இந்தக் கப்பலோட எடையை எங்கயாவது எழுதி வெச்சிருக்காங்களா?" என்று மட்டும் கேட்டார்.

இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள், கேப்டனின் தொப்பிக்கும் பைனாகுலருக்கும் நடுவே, கெட்டி அட்டை போட்ட ஒரு நோட்டு. எடைப் புத்தகம். நீர்மூழ்கி என்பது கடலில் தராசுத்தட்டு மாதிரி. கொஞ்சம் கனத்தால் அடியில் போய்க் குந்திவிடும், கொஞ்சம் இலேசானால் மேலே வந்து எதிரிக்கு முதுகைக் காட்டும். அதனால் முங்கும் முன்பு ஒரு அதிகாரி டீசல், குடிதண்ணீர், டார்பிடோ, உணவு, ஆள் என்று எல்லாவற்றையும் எண்ணி எழுதுவார். கையெழுத்து அழகாக இருந்ததால் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து காட்சிக்கு வைத்திருந்தார்கள். யாரும் படித்ததில்லை. வரலாறு எழுதியவரும் படிக்கவில்லை. அதில் வீரம் எதுவும் இல்லையே.

பொறுப்பாளர் பெட்டியைத் திறந்து கொடுக்க, ஜாக்கி படித்தார். அவருக்குப் புரிகிற பாஷை அது.

முதல் நாள். டீசல் இத்தனை, உணவு இத்தனை. ஆள்: 47.

அவர் பக்கத்தைப் புரட்டினார். இரண்டாம் நாள், உணவு குறைந்திருந்தது. ஆள்: 47. பத்தாம் நாள் வரை நாற்பத்தேழு.

பதினொன்றாம் நாள், எதிரி குண்டு போட்ட நாள். 'பின்னறையில் கடல்நீர்: 30 டன். ஆள்: 47.'

பன்னிரண்டாம் நாள். 'பின்னறை நீர் வெளியேற்றப்பட்டது. ஆள்: 41.'

அவ்வளவுதான். விளக்கம் இல்லை. அதே அழகான கையெழுத்து.

மற்ற எல்லாக் காகிதத்தையும் திருத்தியிருந்தார்கள். பயணக் குறிப்பைத் திருத்தினார்கள், ஆள் பட்டியலில் ஆறு பேரைச் சேர்க்காமலே விட்டார்கள், பட்டறையிலிருந்து கடிதம் போடச் சொன்னார்கள். இந்த நோட்டை மட்டும் திருத்த யாருக்கும் தோன்றவில்லை. இதில் பொய் எழுதினால் கப்பல் முங்கிப்போகும். ஆறு பேர் இருந்தால் ஆறு பேரையும் எழுதித்தான் ஆக வேண்டும். அண்ணனை மனிதனாக யாரும் எண்ணவில்லை. எடையாக எண்ணியிருந்தார்கள்.

"என்னங்க, ஒரு மாதிரி ஆயிட்டீங்க?" என்றார் பொறுப்பாளர்.

"உங்க கேப்டன் எப்ப வருவார்?"

மறுநாள் ஒத்திகைக்குக் கேப்டன் வந்தார். எழுபத்தாறு வயது. வெள்ளைச் சீருடையை வயிற்றுக்கு ஏற்றபடி இரண்டு தரம் பிரித்துத் தைத்திருந்தார்கள். மார்பில் ஆறேழு பதக்கங்கள் குலுங்கின. அதில் பெரியது அந்தப் பாறைக்காகக் கொடுத்தது.

ஜாக்கி கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே போய் நின்றார்.

"சார், இந்தக் கப்பல்ல நாற்பத்தேழு பேர் போயிருக்காங்க."

"யாருய்யா சொன்னது?"

"எடைப் புத்தகம்."

கேப்டன் சிரித்தார். "அதுல சோப்பு இருக்கும், உருளைக்கிழங்கு இருக்கும். அதெல்லாம் வரலாறா? கிளம்பும்போது கரையில லிஸ்ட் கொடுத்துட்டுப் போனேன். நாற்பத்தொண்ணு. திரும்பி வந்ததும் அதே நாற்பத்தொண்ணு."

"லிஸ்ட்ல இல்லாத ஆறு பேர்?"

"லிஸ்ட்ல இல்லாதவன் கப்பல்லயே இல்ல."

"எங்கண்ணன் வெல்டர் சார். பின்னறையில குழாய் ஒட்டப் போனார். வேலை முடியறதுக்குள்ள போர் வந்துடுச்சு. அவங்களைக் கரையில இறக்கி விட்டுட்டுப் போகலாம்ல? அரை நாள் ஆகியிருக்குமா?"

கேப்டனின் இடது கண் ஒருமுறை துடித்தது. "அரை நாள் பிந்தினா சண்டைக்குப் போன முதல் கப்பல்ங்கற பேரு இன்னொருத்தனுக்குப் போயிருக்கும்," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, சட்டென்று குரலை உயர்த்தினார். "நீ யாரு எங்கிட்ட விசாரணை பண்ண?"

"விசாரணை இல்ல சார். பலகையில ஆறு பேரைச் சேருங்க. ஓடிப்போகலைன்னு ஒரு வரி போடுங்க. எங்கண்ணி நாற்பத்திரண்டு வருஷமா அந்த ஒரு வரிக்குத்தான் உக்காந்திருக்காங்க."

"நீ ஜாக்கியைப் பாரு. வரலாற்றை நான் பாத்துக்கறேன்." திரும்பி நடந்தவர் நின்று, பொறுப்பாளரிடம் தணிந்த குரலில் சொன்னார்: "நாளைக்கு அந்தப் பின்னறையைப் பூட்டி வெச்சிடுங்க. யாரும் அங்க போக வேணாம். தூசி."

அன்று சாயங்காலம் ஜாக்கி எல்லாவற்றையும் அண்ணியிடம் சொன்னார். அவள் கேட்டு முடித்துவிட்டு, அடுப்பை அணைத்தாள்.

"அவரை இறக்கி விடாமக் கூட்டிட்டுப் போனவன் என்ன பதவி தம்பி?"

"கேப்டன் அண்ணி."

"நாளைக்கு நானும் வரேன்."

வெள்ளிக்கிழமை பதினோரு மணி. புல்தரை நிறைய நாற்காலிகள். முதல் வரிசையில் பெரிய பதவிகள், அதன் பின்னால் அந்தப் பதவிகளின் மனைவிமார், அதற்கும் பின்னால் அந்தப் பதவிகளுக்கு ஆசைப்படுகிறவர்கள். அண்ணி நாற்காலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கப்பலின் வாலுக்கு அடியில், ஜாக்கிகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அறுபத்தாறு வயதில் கம்பிபோல் நிமிர்ந்திருந்தாள்.

கேப்டனுக்கு ஒரு அருமையான யோசனை தோன்றியிருந்தது. போர்க்காலத்தில் ஒவ்வோர் அறையும் குரல்குழாய் வழியாகக் கட்டுப்பாட்டு அறைக்கு நிலைமை சொல்லுமாம். அதை இன்றைக்கு நடத்திக் காட்டப் போகிறார். பழைய மாலுமிகள் மூன்று பேரை மூன்று அறைகளில் நிறுத்தியாகிவிட்டது. உள்ளே ஒரு மைக். வெளியே எட்டு ஒலிபெருக்கி.

"எல்லா அறைகளும்," என்று முழங்கியது கேப்டனின் குரல், "நிலைமை சொல்லுங்க!"

"முன்னறை, எல்லாம் சரி!"

"பேட்டரி அறை, எல்லாம் சரி!"

"எஞ்சின் அறை, எல்லாம் சரி!"

கைதட்டல் எழுந்தது. நன்றி சொல்ல அறிவிப்பாளர் எழுந்தார்.

ஒலிபெருக்கியில் ஒரு விசில் கேட்டது.

நீளமாக, ஈரமாக. குரல்குழாயில் யாரோ வாயை வைத்து ஊதுகிற விசில்.

ஜாக்கி மானியைப் பார்த்தார். முள் தொண்ணூறைத் தாண்டியது.

"பின்னறை," என்றது ஒரு குரல்.

அண்ணியின் கை ஜாக்கியின் முழங்கையைப் பிடித்தது. நகம் பதிந்தது.

"பின்னறை. ஆறு பேர். தண்ணி இடுப்புக்கு வந்துடுச்சு சார்."

முன்வரிசை ரசித்துத் தலையாட்டியது.

"மார்புக்கு வந்துடுச்சு. கதவைத் திறங்க."

அப்புறம் தட்டும் ஓசை. அது ஒலிபெருக்கியில் மட்டும் கேட்கவில்லை. ஜாக்கியின் தலைக்கு மேலே, கறுப்புத் தகட்டுக்கு உள்ளேயிருந்து கேட்டது. சுத்தியலால் அல்ல. உள்ளங்கையால்.

பல உள்ளங்கைகள்.

கேப்டன் பேசினார். எழுபத்தாறு வயதுக் குரல் இல்லை. இளமையான, விறைப்பான குரல்.

"லிஸ்ட்ல இருக்கறவன் எல்லாம் இந்தப் பக்கம் வந்தாச்சா?"

யாரோ ஏதோ முனகினார்கள்.

"அப்ப மூடு."

"சார், தட்டறாங்க சார்."

"தட்டட்டும். மூடு."

நூற்றுமுப்பது என்றது முள். ஒரு ஜாக்கி கிறீச்சிட்டது.

ஜாக்கி ஓடினார். ஏணியில் வழிமறித்த இரண்டு வெள்ளைச் சீருடைகளைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு உள்ளே குதித்தார். கட்டுப்பாட்டு அறையில் கேப்டன் குரல்குழாயை இரு கையாலும் பொத்திக்கொண்டு நின்றார். விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தது. ஜாக்கி அவரைத் தாண்டிப் போய், பின்னறையின் பூட்டைக் கம்பியால் நெம்பி உடைத்து, சக்கரத்தைப் பிடித்தார்.

அந்தப் பக்கத்திலிருந்தும் யாரோ சுற்றினார்கள்.

கதவு திறந்தது.

தண்ணீர் வரவில்லை. காற்று வந்தது. ஆறு மூச்சு, ஒன்றன்பின் ஒன்றாக, அவர் கன்னத்தை உரசிக்கொண்டு போனது. ஆறாவது மட்டும் ஒரு கணம் நின்று போனது.

கப்பல் முழுவதும் முனகி, வால் பக்கம் மேலே எழும்பியது. உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் தடுமாறினார்கள்.

வெளியே அறிவிப்பாளர் சுதாரித்துக்கொண்டார். அந்த ஆள் எந்தப் பிரளயத்திலும் நன்றியுரை சொல்லக்கூடியவர். "கேப்டன் அவர்கள் நம் கண்முன் நிகழ்த்திக் காட்டிய தத்ரூபமான நாடகத்துக்கு நம் எல்லோர் சார்பிலும் நன்றி!"

கைதட்டினார்கள். எழுந்து நின்று தட்டினார்கள். ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கேப்டனைத் தாங்கிப் பிடித்து இறக்கிக் கொண்டுவந்தார்கள். அண்ணி நாற்காலி வரிசைகளுக்கு நடுவே நேராக நடந்துவந்து அவர் எதிரே நின்றாள்.

"எம்புருஷன் ஓடிப்போனாரா? உள்ள இருந்தாரா?"

கேப்டனின் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

"அவங்களை அனுப்பி வைங்கப்பா," என்றது முன்வரிசை.

"உங்களைக் கேக்கல. இவரைக் கேட்டேன். நாடகம்னா நாடகத்துலயாவது பதில் சொல்லச் சொல்லுங்க."

கேப்டனுக்குப் பின்னால் ஏணியில் இறங்கிக்கொண்டிருந்த எஞ்சின் அறைக் கிழவர் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டார். தொப்பியைக் கழற்றினார்.

"உள்ளதான் இருந்தார்மா," என்றார். "ஓட்டையில போர்வையைத் திணிச்சு அழுத்திப் பிடிச்சிட்டு இருந்தாங்க. அவங்க பிடிச்சதாலதான் நாங்க எல்லாம் இந்தப் பக்கம் வர நேரம் கிடைச்சுது. கதவைச் சுத்தினது இந்தக் கைதான். மறுநாள் ராத்திரி கடல்ல இறக்கினதும் இந்தக் கைதான். யாரும் ஓடலம்மா. ஓடினது நாங்க."

இப்போது யாரும் கைதட்டவில்லை. முதல் வரிசை கைக்கடிகாரத்தைப் பார்த்தது. பொறுப்பாளர் மட்டும் போய்க் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடைப் புத்தகத்தை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கேட்டு வந்த ஒரு சீருடையிடம், "கொடுக்க மாட்டேன் சார்," என்றார். அவருக்கே அவர் குரல் ஆச்சரியமாக இருந்தது.

கேப்டனைக் காரில் ஏற்றிக் கதவைச் சாத்தினார்கள். அண்ணி வெளிவாசலை நோக்கி நடந்தாள். ஜாக்கி கூடவே போனார்.

வாசல் கூண்டில் காவல்காரர் பெரிய நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். விழாவுக்காக வருகிற வண்டி, போகிற வண்டி, அதில் எத்தனை தலை என்று எழுதச் சொல்லி உத்தரவு. மனிதர் கடுகடுவென்று இருந்தார்.

"பெரிய மனுஷங்கன்னா என்ன வேணா பண்ணலாம் போல. வரும்போது டிரைவரோட ரெண்டு பேர். போகும்போது எட்டுப் பேர். காரோட வயிறு ரோட்டுல தேயுது."

ஜாக்கி நின்றார். "எட்டா?"

"பின்சீட்டுல நெருக்கியடிச்சு உக்காந்திருந்தாங்க, பெரியவரை நடுவுல வெச்சு. பட்டறைச் சட்டை. எல்லாரும் தொப்பலா நனைஞ்சிருந்தாங்க. எங்க போய்க் குளிச்சாங்களோ. இத்தனை பேரை ஏத்தக் கூடாது சார்னு சொன்னேன். பெரியவர் வாயைத் திறந்து திறந்து மூடினாரு. சத்தமே வரல."

அண்ணி கூண்டுக்குள் எட்டி நோட்டைப் பார்த்தாள். "எட்டுன்னு எழுதிட்டியா?"

"கண்ணால பாத்ததை எழுதாம என்னம்மா பண்ண?"

"யாராவது வந்து அடிச்சுட்டு ரெண்டுன்னு போடச் சொல்வாங்க. எவ்வளவு பெரிய ஆள் சொன்னாலும் போடாதே."

"நான் எதுக்கும்மா மாத்தறேன்?"

அவள் தலையாட்டிவிட்டுச் சாலையைப் பார்த்தாள். கார் போன வழியில் இரண்டு டயர்த் தடங்கள் ஈரமாக, நேராக நீண்டு கிடந்தன. உச்சி வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தது.

அவர்கள் பார்த்துக்கொண்டே நின்றார்கள். தடம் காயவில்லை.